எதுல அளந்தீங்க?

காதில் விழுந்த எதையும் நம்பாத ஒருவரை நான் அறிவேன். நானோ சொல்லை நம்பி வளர்ந்தவன். பட்டிமன்றங்களில் நடுவர்களை என் பக்கம் சாய்த்திருக்கிறேன். எதிரணியில் அமர்ந்தவர்களையே சில வேளை தலையாட்ட வைத்திருக்கிறேன். அந்த ஒரு பெண்மணியிடம் மட்டும் என் சொல் செல்லவில்லை. தோற்ற மேடைகளை நான் எளிதில் மறந்துவிடுவேன். மேடையே இல்லாமல் தோற்றதை மறக்க முடியவில்லை.

விருத்தாசலம் ஜங்ஷன் சாலையில், ஒரு லேத் பட்டறைக்கும் பீங்கான் பொம்மைக் கடைக்கும் இடையில் அவருடைய கடை இருந்தது. சென்னையிலிருந்து லாரியில் வரும் பழைய ரோடு பைக்குகளைப் பிரித்துச் செப்பனிட்டு விற்பார். மெல்லிய சக்கரமும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட அந்த வண்டிகளுக்கு எங்கள் ஊரில் வேறு கடை கிடையாது. நாற்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. ஊரே அவரை அக்கா என்றது. கடை இப்போது நெய்வேலிக்குப் பெயர்ந்துவிட்டது.

வருபவரை அவர் வரவேற்கமாட்டார். "அந்த ஸ்பேனர எடுங்க" என்பார். ஸ்பேனர் தரையில் கிடக்கும். நாமும் உதவுவதாக எண்ணிக் குனிந்து எடுத்துக் கொடுப்போம். வாங்கி ஓரமாகப் போட்டுவிடுவார். அவருக்கு ஸ்பேனர் தேவையில்லை; நம் முதுகு எவ்வளவு மடிகிறது, முழங்கால் வளைகிறதா என்பதே தேவை. "எவ்ளோ குனிவீங்கன்னு கேட்டா எல்லாரும் நல்லா குனிவேன்னு தான் சொல்லுவாங்க" என்று ஒருமுறை சொன்னார். இந்தச் சூழ்ச்சியை அறிந்த நாளிலிருந்து, அவர் எதைக் கேட்டாலும் அதன் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

எங்கள் சைக்கிள் குழுவில் ஒரு வங்கி அலுவலர் உண்டு. ஞாயிறு காலைகளில் மங்கலம்பேட்டை வரையிலும் ஸ்ரீமுஷ்ணம் வரையிலும் செல்லும் எட்டுப் பேர் நாங்கள். அவர் முதன்முறை கடைக்கு வந்தபோது நாங்கள் சிலரும் உடனிருந்தோம். தம் உயரம் ஐந்தடி பத்து அங்குலம் என்றார். அக்கா நிமிர்ந்தும் பார்க்காமல், "அந்த மேல்தட்டுல இருக்குற பம்ப எடுங்க சார்" என்றார். அலுவலர் எட்டினார், விரல் நுனிதான் பட்டது.

"அஞ்சு எட்டு. அதுவும் ஷூவோட."

"என்னாம்மா இது, என் கல்யாண பயோடேட்டாவுலயே அஞ்சு பத்துன்னு தான் இருக்குது!"

"அது பொண்ணு வூட்டுக்குக் குடுத்த அளவு சார். சைக்கிளுக்குச் செல்லாது."

அனைவரும் சிரித்தோம். அலுவலரும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் விரைவில் தீர்ந்துபோனது.

காலின் உள்ளளவை எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. கையில் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியைக் கொடுத்து, சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் சொல்லி, அதை இரு தொடைகளுக்கும் நடுவே வைத்து மேலே அழுத்தி, அதன் விளிம்பில் நாமே பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்வார். அதுவரை தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அது நாகரிகம். ஆனால் திரும்பிய பின் கோட்டை அளக்குமுன் நம் குதிகால்களைப் பார்ப்பார். "தூக்கிட்டீங்க. மறுபடியும்." தூக்கவில்லை என்று சொல்லிப் பயனில்லை.

பீங்கான் தொழிற்பேட்டையில் எட்டு ஆண்டுகள் சரக்குச் சோதிப்பவராக இருந்தவர் அவர். அச்சில் வார்க்கும்போது எல்லாமே அழகாகத்தான் இருக்குமாம். சூளைக்குள் போய் வந்த பிறகுதான் எது கோணியது, எது வெடித்தது என்று தெரியுமாம். அந்தப் பழக்கத்தை அவர் வேலையோடு விட்டுவரவில்லை. யாருக்கோ பெண் பார்த்து முடிந்தது என்றாலும், யாரோ தேர்வில் தேறுவான் என்றாலும், "சூளைக்குப் போயிட்டு வரட்டும், அப்புறம் பாப்போம்" என்பதே பதில்.

இவ்வளவும் வேடிக்கையாகத் தோன்றலாம். வேடிக்கை என் வண்டியில் வந்து முடிந்தது.

எனக்கு ஐம்பத்தாறு சென்டிமீட்டர் சட்டம், அதாவது ஃபிரேம், வேண்டும் என்று கேட்டேன். மேடையில் நிமிர்ந்து நிற்பவனுக்குச் சிறிய வண்டி அழகன்று என்பது என் எண்ணம். அவர் என்னை ஸ்பேனர் எடுக்க வைத்தார், டைரக்டரியைக் கொடுத்தார், இருமுறை குதிகாலைத் திருத்தினார். பிறகு, "அம்பத்திநாலு" என்றார். அவர் காட்டிய நீல வண்டியின் குழாயில் கம்பெனி ஒட்டிய அளவுச் சீட்டு சுரண்டப்பட்டிருந்தது. சுரண்டிய தடம் தெளிவாகத் தெரிந்தது.

"சீட்டு எங்கக்கா?"

"நான் தான் எடுத்துட்டேன். ஒரு கம்பெனிக்காரன் அம்பத்திநாலும்பான், அதையே இன்னொருத்தன் அம்பத்தாறும்பான். ஒட்டுன சீட்ட எவன் நம்புறது? நானே அளந்து பாத்தேன், அம்பத்திநாலு."

கம்பெனியின் எண்ணை அழித்துவிட்டுத் தம் எண்ணை நம்பச் சொல்லும் வணிகர்! ஐயத்தின் முதல் வித்து அங்கே விழுந்தது. அதோடும் நிற்கவில்லை. ஹேண்டில்பாரை வண்டியோடு பிணைக்கும் கழுத்துத் துண்டை ஸ்டெம் என்பார்கள். நீளமாக இருந்ததைக் கழற்றி, எண்பது மில்லி நீளமே உள்ள குட்டையான ஒன்றைப் பொருத்தினார்; ஹேண்டில்பாரையும் சற்று உயர்த்தினார். பந்தய வீரனைப் போலத் தாழ்ந்து நீண்டு பாய நினைத்த என்னை, அலுவலகம் போகும் ஆசாமியைப் போல உட்காரவைத்தார்.

"இன்னும் நீட்டு வேணும்க்கா. என் கை நீளம்."

"கை நீளம் தான். ஆனா தோள தூக்கி முழங்கைய விறைச்சிக்கிறீங்க. அங்க மைக் இல்ல தம்பி, ஹேண்டில்பார் தான் இருக்குது."

நான் கடையை விட்டுக் கிளம்பியபோது வாசலுக்கு வந்து, மூலை திரும்பும் வரை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். விற்ற சரக்கைக் குறித்து அச்சமில்லாதவர் அப்படி நிற்பாரா என்று எனக்குள் ஒரு வினா எழுந்தது.

வினா எழுந்தால் சான்று தேடுவது என் பயிற்சி. அடுத்த வாரமே தேடினேன். என் நண்பனின் குடும்பத்தார் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மைகள் வார்ப்பவர்கள். அவனைப் பார்க்கப் போனேன், அவன் இல்லை. அச்சு மேசையின் மேல் ஒரு நீண்ட இரும்பு அளவுகோல் கிடந்தது. என் வண்டியைச் சுவரில் சாய்த்து, மிதி அச்சின் நடுவிலிருந்து இருக்கைக் குழாயின் உச்சி வரை அளந்தேன். நாற்பத்தொன்பது. நம்ப முடியாமல் மறுபடியும் அளந்தேன். மூன்றாம் முறையும் நாற்பத்தொன்பதுதான்.

விற்காமல் தேங்கிய சிறுவண்டியை ஐம்பத்துநான்கு என்று என் தலையில் கட்டிவிட்டார்! சீட்டைச் சுரண்டியதற்கும் குட்டை ஸ்டெம் போட்டதற்கும் அந்த நொடியில் பொருள் விளங்கிவிட்டதாக எண்ணினேன். சின்ன வண்டிதானே, நீட்டினால் சரியாகிவிடும் என்று இணையத்தில் நூற்றிருபது மில்லி ஸ்டெம் ஒன்றை வரவழைத்து நானே மாட்டிக்கொண்டேன். ஹேண்டில்பாரையும் இறக்கினேன். கண்ணாடியில் பார்க்கையில் மிடுக்காகத்தான் இருந்தது.

இரண்டு வாரங்களில் என் வலக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகத் தொடங்கின. முதலில் வண்டியில் மட்டும். பிறகு நாள் முழுவதும். கடலூரில் நடந்த கல்லூரிப் பேச்சுப் போட்டியில், "காரணங்கள் மூன்று" என்று விரல் மடக்கத் தொடங்கினேன். விரல் மடங்க மறுத்தது. நடுவர் என் வாதத்தை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார். எனக்கு மூன்றாம் பரிசு. அன்று பேருந்தில் திரும்பும்போதே அடுத்த உரையை மனத்துக்குள் எழுதிவிட்டேன்.

அந்த ஞாயிறு, பாலக்கரைக்கு அருகே நாங்கள் வழக்கமாக நிற்கும் டீக்கடையில் அதைப் பேசினேன். அப்போது எங்கள் குழுவில் மூவர் அக்காவிடம் வண்டி சொல்லிவைத்திருந்தார்கள்: மருந்துக்கடைக்காரர், உடற்பயிற்சி ஆசிரியர், வங்கி அலுவலர். அக்காவின் கடை எங்களை நம்பித்தான் ஓடியது என்பது எல்லோருக்கும் தெரியும். "இந்த மூணு வண்டியும் போச்சுன்னா அக்கா மறுபடியும் பேக்டரிக்குத் தான் போவணும்" என்று மருந்துக்கடைக்காரரே முன்பொருமுறை சொல்லியிருந்தார். தெரிந்தும் பேசினேன். அழிக்கப்பட்ட சீட்டு, அளந்த எண், மரத்த கை என்று மூன்று சான்றுகளையும் அடுக்கினேன். அந்த நேரம் பார்த்து அக்காவே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வருகிறார் போலும். நான் நிறுத்தவில்லை. நேருக்கு நேர் குற்றம் சாட்டுவதே அறம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஐம்பத்துநான்கு என்று சொல்லி எனக்குக் கொடுத்தது நாற்பத்தொன்பது! மறுக்க முடியுமா?"

அவர் காலை ஊன்றி நின்றார். ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார்.

"எதுல அளந்தீங்க?"

"அளவை மறுக்க முடியாதவர் அளவுகோலைக் குறை சொல்வது வழக்கந்தான்!" என்றேன். யாரோ கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவருடைய கேள்வி மூழ்கிவிட்டது. அவர் வேறெதுவும் சொல்லாமல் பெடலை மிதித்துப் போனார். பதில் இல்லாதவரின் மௌனம் என்று அதற்கு உரை எழுதினேன். மூவரும் அந்த வாரமே வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வெற்றி எனக்குச் சுறுசுறுப்பைக் கொடுத்தது. அக்காவிடமே வாங்கிய என் நண்பனின் வண்டியையும் அளந்து உண்மையை வெளிக்கொணர்வோம் என்று தொழிற்பேட்டைக்குப் போனேன். இம்முறை அவன் இருந்தான். அச்சு மேசையிலிருந்து அதே அளவுகோலை உரிமையோடு எடுத்தேன்.

"டேய், அத எதுக்கு எடுக்குற?"

"என் வண்டிய இதுல தாண்டா அளந்தேன்."

அவன் முதலில் விழித்தான். பிறகு களிமண் சாக்கின் மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். "அடப்பாவி! அது மண்ணு ஸ்கேலுடா!"

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்து அதன் அருகே வைத்தான். மண் ஸ்கேலின் பத்து, மற்றதன் பதினொன்றுக்கு நேராக நின்றது.

"மண்ணு காஞ்சு, வெந்து, சுருங்கும்டா. பத்து சென்டி பொம்ம வேணும்னா பதினொண்ணுக்கு அச்சு செய்யணும். ஒவ்வொண்ணுக்கும் கணக்கு போட முடியுமா? அதான் ஸ்கேலையே பெருசா அடிச்சி வச்சிருக்கோம். இந்த ஊர்ல பொறந்துட்டு இதுகூட தெரியாதா ஒனக்கு?" சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் மாறியது. "ஆமா, நீ நாப்பத்தொம்பதுன்னு அந்த அக்கா முன்னாடியா சொன்ன? அவங்க எட்டு வருஷம் இந்த மாதிரி ஸ்கேல வச்சித்தான் அச்சு பாத்தாங்க. அம்பத்திநாலு இதுல நாப்பத்தொம்பதா தானே காட்டும், கேட்ட ஒடனே தெரிஞ்சிருக்குமேடா!"

எதுல அளந்தீங்க? நான் கைதட்டலால் மூழ்கடித்தது அந்த வழக்கின் ஒரே சரியான கேள்வி.

அடுத்த ஞாயிறு இரண்டு அளவுகோல்களோடும் டீக்கடைக்குப் போனேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தவறு என்னுடையது என்றேன். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டையும் பார்த்தார்.

"சரி, அளவு சரி தான். அப்போ கை மரத்துப் போனது?"

"அது… நான் நீளமான ஸ்டெம் மாட்டுனதாலண்ணே."

"நீயா மாட்டுன? அன்னிக்கு அவ்ளோ பேசுன, இத ஏன் சொல்லல?"

எதிரணிக்கு உதவும் சான்றை நாமாக எடுத்துக் கொடுப்பதில்லை என்பது மேடைப் பாடம். அதை அங்கே எப்படிச் சொல்வது?

வங்கி அலுவலர் டீயை ஊதிக்கொண்டே, "அன்னிக்கு ஒண்ண மறைச்சான். இன்னிக்கு எத மறைக்கிறானோ?" என்றார். "என்னா தம்பி, அக்கா புது வண்டி ஏதாவது தரேன்னு சொல்லிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயத்தை ஊட்ட எனக்குப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது. எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

அங்கிருந்து நேரே அக்காவின் கடைக்குப் போனேன். போகும் வழியிலேயே மன்னிப்புரை ஆயத்தமாகிவிட்டது: தொடக்கம், நடு, முடிவு. அவர் ஒரு சக்கரத்தின் கம்பிகளை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அறியாமை ஒரு குற்றம் என்றால்…"

"வண்டிய அந்த ஸ்டேண்டுல மாட்டுங்க."

பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் வண்டியை நிறுத்தினேன்.

"ஏறுங்க. இப்போ சொல்லுங்க."

ஏறி, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சொன்னேன். அறியாமை என்றேன், அவசரம் என்றேன், வருத்தம் என்பதற்கு மூன்று சொற்களை அடுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் நின்று என் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் சொல்லுங்க."

எழுதி வைத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"ஸ்டெம்ம மாத்துனத நான் அன்னிக்குச் சொல்லலக்கா. மறந்து இல்ல. சொன்னா தோத்துடுவேன்னு தெரியும்."

"அசையாதீங்க!"

டேப்பை எடுத்து இருக்கையின் மூக்கிலிருந்து என் கை இருந்த இடம் வரை அளந்தார். அப்போதுதான் கவனித்தேன், என் தோள்கள் இறங்கியிருந்தன, முழங்கைகள் தளர்ந்து மடங்கியிருந்தன, கைகள் தாமாகவே பின்னால் நகர்ந்து வந்திருந்தன. "இது தான் உங்க நீளம்" என்றார். நான் உடைந்து சொன்ன ஒன்றையும் ஸ்பேனரைப் போலவே பயன்படுத்திக்கொண்டார் என்பது புரிந்தது. எனக்கு முதலில் கோபந்தான் வந்தது.

அவர் நீள ஸ்டெம்மைக் கழற்றும்போது கேட்டேன்.

"அது மண்ணு ஸ்கேலுன்னு அன்னிக்கே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"சொல்லி இருக்கலாமே?"

"சொன்னா நம்பி இருப்பீங்களா?" கழற்றிய போல்ட்டை வாயில் கவ்விக்கொண்டார். "உங்க எடத்துல நான் இருந்தா நானும் தான் நம்பி இருக்க மாட்டேன்."

அந்த நேரத்தில் மருந்துக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். என் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். நாங்கள் என்ன பேசிவைத்துக்கொள்கிறோம் என்று பார்க்க வந்தவரின் முகம்.

"அக்கா, நேரா கேக்கறேன். தம்பி இப்போ சொல்றது நெசமா? ஆமான்னு சொல்லுங்க, எங்க மூணு வண்டியும் இங்க தான்."

ஆம் என்ற ஒரு சொல் போதும். நான் அக்காவைக் கண்ணால் கெஞ்சினேன். அவர் போல்ட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"ஸ்கேல் விஷயம் நெசம். மத்தது எனக்குத் தெரியாது. கை இவரு கை. ஓட்டிட்டு வரட்டும்."

அவர் கடையின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அதற்காகவும் என்னை நம்பியதாக அவர் பொய் சொல்லவில்லை. நான் அறிந்த எந்தப் பேச்சாளரும் அந்த வாய்ப்பை விட்டிருக்கமாட்டார். நான் விட்டிருக்கவே மாட்டேன்.

குட்டை ஸ்டெம்மோடு நான்கு ஞாயிறுகள் ஸ்ரீமுஷ்ணம் போய் வந்தேன். மருந்துக்கடைக்காரர் வழி நெடுக என் அருகிலேயே, என் கைகளைப் பார்த்துக்கொண்டே மிதித்தார். நான் வாய் திறக்கவில்லை. நான்காம் ஞாயிறு திரும்பி வந்து அக்காவின் கடை வாசலில் இறங்கியதும், மருந்துக்கடைக்காரர் தம் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"சுண்டு விரலால அமுக்கு. ஒண்ணு வெளிய வரட்டும்."

அமுக்கினேன். மாத்திரை தெறித்துத் தரையில் உருண்டது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, பையன் கை சரியாயிடுச்சி. நெசம் தான். என் வண்டிய எடுத்து வையுங்க. பி.டி. சாரும் வருவாரு." வங்கி அலுவலர் வரமாட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. கடைசி வரை அந்த அலுவலர் வரவும் இல்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தமக்கு ஆதரவாக வந்த சாட்சியைக் கேட்டு மகிழ்ந்தவராகத் தெரியவில்லை.

"அவரு சொன்னா ஆச்சா? கைய நீட்டுங்க."

நீட்டினேன். என் சுண்டு விரலின் நுனியைப் பிடித்து, எதிர்பாராத வேகத்தில் நறுக்கென்று கிள்ளினார்.

"ஐயோ அக்கா!"

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.